கோடு முந்தியா, மடிப்பு முந்தியா?

1893-இல் சென்னை அடிசன் கம்பெனி ஒரு வடிவியல் நூலை வெளியிட்டது. எழுதியவர் தண்டலம் சுந்தர ராவ். கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்குத் தரும் விளையாட்டுப் பொருள்களில் எட்டாவதாக வரும் வண்ணச் சதுரத் தாள்களே இந்த நூலுக்கான எண்ணத்தைத் தந்தன என்று முன்னுரையில் அவர் சொல்கிறார். கவராயமும் அளவுகோலும் இல்லாமல், ஒரு சதுரத் தாளை மடித்தே ஐங்கோணமும் அறுகோணமும் பரவளையமும் அதில் பிறக்கின்றன. ஜெர்மானியக் கணித மேதை ஃபீலிக்ஸ் கிளைன் இந்த நூலைத் தன் எழுத்தில் குறிப்பிட்டார். 1901-இல் சிகாகோவில் மறுபதிப்பும் வந்தது.

அந்த நூலில் ஒரு கோடு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். ஓரத்தை ஓரத்தின்மேல் வைக்கிறோம், அல்லது ஒரு மூலையை ஒரு புள்ளியின்மேல் வைக்கிறோம். விரலால் அழுத்திப் பிரித்தால் கோடு கிடக்கிறது. யாரும் அதை வரையவில்லை. அங்கே மடிப்பு முந்தி, கோடு பிந்தி. ஜப்பானிய ஒரிகாமியும் நூற்றாண்டுகளாக இப்படித்தான் நடந்து வந்தது.

லேசர் வெட்டும் எந்திரம் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. கணினியில் வரைந்த கோடுகளை எந்திரம் தாளில் கீறித் தருகிறது. பிறகு ஒரு கை அந்தக் கோடுகளில் மடிக்கிறது. ஒரிகாமியையும் டிஜிட்டல் உற்பத்தியையும் இணைக்கும் முயற்சிகள் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. கலைக்கூடம், ஆடை நிறுவனம், ரோபோ ஆய்வகம், விண்வெளி மையம் எனப் பல இடங்களிலிருந்து அவை வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே பாராட்டுரையில் அடக்கிவிடும் பழக்கம் கட்டுரையாளர்களுக்கு உண்டு. அது சரியில்லை. இந்த இணைப்பு சில இடங்களில் ஆழமாக வென்றிருக்கிறது, சில இடங்களில் வெறும் வாக்குறுதியாக நிற்கிறது. வேறுபாட்டுக்கான காரணம் அந்தத் தலைகீழ் வரிசைக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கணிப்பு.

முதலில் லாபக் கணக்கு. ராபர்ட் லாங் லேசர் இயற்பியலாளர். நாசாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் பணியாற்றியவர். 2001-இல் வேலையை விட்டு முழுநேர ஒரிகாமிக் கலைஞரானார். அவர் உருவாக்கிய ட்ரீமேக்கர் என்ற மென்பொருளில் ஒரு பூச்சிக்கு எத்தனை கால்கள், எவ்வளவு நீளம் என்று குச்சி உருவமாக வரைந்தால் போதும். ஒவ்வொரு காலுக்கும் தாளில் ஒரு வட்டம் ஒதுக்கி, வட்டங்களை நெருக்கி அடுக்கி, மடிப்புக் கோடுகளின் வரைபடத்தை அது கணித்துத் தரும். இப்படிக் கிடைக்கும் புள்ளிகள் பாதியிலோ கால்வாசியிலோ விழுவதில்லை. ஓரத்திலிருந்து 0.3127 பங்கு தூரத்தில் ஒரு புள்ளி வேண்டுமென்றால், எந்த ஓரத்தை எதன்மேல் வைப்பது? இந்தச் சிக்கலுக்காகவே லாங் ரெஃபரன்ஸ்ஃபைண்டர் என்ற இன்னொரு நிரலை எழுத வேண்டி வந்தது. விரும்பிய புள்ளிக்கு மிக அருகில் கொண்டுபோய் விடும் சில மடிப்புகளை அது தேடிக் கொடுக்கும். கணினியின் மொழிக்கும் கையின் மொழிக்கும் நடுவே நின்ற மொழிபெயர்ப்பாளர் அந்த நிரல்.

லேசர் வந்ததும் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு வேலை குறைந்தது. லேசருக்கு 0.5-உம் ஒன்றுதான், 0.3127-உம் ஒன்றுதான். அடையாளப் புள்ளி தேவையில்லாமல் ஒரு கோடு தாளில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதே இந்தத் தொழில்நுட்பம் மடிப்புக் கலைக்குத் தந்த மெய்யான கொடை. நூற்றுக்கணக்கான கட்டங்கள் திரும்பத் திரும்ப வரும் பரப்பு மடிப்புகளில் அதன் அருமை இன்னும் கூடும். கையால் மடிக்கும்போது முதல் வரிசையில் அரை மில்லிமீட்டர் பிசகினால், இருபதாவது வரிசையில் தாள் நம்மோடு சண்டைக்கு வரும். எந்திரம் கீறிய தாளில் பிழை சேர்ந்துகொண்டே போவதில்லை.

வளைகோட்டு மடிப்பில் இந்தக் கொடை இன்னும் பெரியது. நேர்கோட்டை ஓரத்தோடு ஓரம் வைத்துப் பெறலாம். வளைந்த கோட்டை அப்படிப் பெற எந்த வழியும் இல்லை. அதை முதலில் கீறியே ஆக வேண்டும். தரவுச் சுருக்கக் குறிமுறையால் அறியப்பட்ட டேவிட் ஹஃப்மன் 1999-இல் இறக்கும்வரை வினைல் தகடுகளில் வளைமடிப்புச் சிற்பங்களைச் செய்து வந்தார். ஒவ்வொரு கோட்டையும் கையாலேயே அழுத்திப் பதித்தார். அவர் தனியாளாக நடந்த பாதையில் இன்று பலர் போகிறார்கள் என்றால், வரைவதையும் கீறுவதையும் கணினி ஏற்றுக்கொண்டதே காரணம். சுகுபா பல்கலைக்கழகத்தின் ஜுன் மிதானி எழுதிய ஓரி-ரெவோ என்ற நிரலில் ஒரு பக்கவாட்டு வளைவை வரைந்தால், குயவர் சக்கரத்தில் சுழன்று எழும் பானைபோல ஓர் உருவம் எழுகிறது. அதை ஒரே தாளில் மடிப்பதற்கான கோடுகளும் உடன் வருகின்றன. 2010-இல் இஸ்ஸே மியாகே வெளியிட்ட ‘132 5.’ ஆடை வரிசை மிதானியின் ஆய்விலிருந்து ஊக்கம் பெற்றது. தரையில் வைத்தால் தட்டையான பலகோணம், தூக்கினால் பாவாடை அல்லது சட்டை. இந்தத் துறையில் என் தீர்ப்பில் தயக்கமே இல்லை: வளைமடிப்பு இன்று இருக்கும் அளவுக்கு வளர்ந்தது கணினியும் கீறும் எந்திரமும் சேர்ந்ததால்தான்.

இனி, கீறிய கோட்டின் தரத்தைப் பற்றி. ஒரு மூலையை இழுத்தால் தாள் முழுவதும் சேர்ந்து விரியும் மியூரா மடிப்பை நான் இரண்டு வகையிலும் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்று கையால், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவாலும் ஸ்கேலாலும் கோடு பதித்து. இன்னொன்று ஒரு பணிமனையில் லேசரால் கீறி. லேசர்த் தாள் எட்டு நிமிடத்தில் தயாரானது; கைத்தாளுக்கு ஒரு மாலை முழுவதும் போனது. ஆனால் பத்து முறை விரித்து மூடியதும் லேசர்த் தாளில் கோடுகள் சந்திக்கும் முனைகள் கிழியத் தொடங்கின. கைத்தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது.

காரணம் எளிது. லேசர் நாரை எரித்து நீக்குகிறது. அழுத்திப் பதிக்கும் முனை நாரை நசுக்குகிறதே தவிர அறுப்பதில்லை. பாதி ஆழம் கீறிய தாள், கீறல் வெளிப்பக்கம் இருக்கும்படி மடிவதையே விரும்பும். அதனால் மேலே எழும் மலை மடிப்புகளை ஒரு பக்கத்திலும் உள்ளே இறங்கும் பள்ள மடிப்புகளை மறுபக்கத்திலும் கீற வேண்டும். தாளைத் திருப்பிப் போடும்போது கோடுகள் மயிரிழை விலகினாலும் அந்த நுட்பம் முழுக்க வீண். இதைத் தவிர்க்கப் புள்ளி புள்ளியாகத் துளையிட்டால் கோடு இரு பக்கமும் மடியும், ஆனால் தாள் வலுவிழக்கும். சிவகாசியில் அட்டைப்பெட்டி செய்பவர்கள் இந்தப் பாடத்தை எப்போதோ கற்றுவிட்டார்கள். அவர்களுடைய டை பஞ்சிங்கில் வெட்டுக் கத்தி வேறு, கிரீசிங்குக்கான மழுங்கிய தகடு வேறு. வெட்டுவதும் மடிப்பு பதிப்பதும் இரண்டு வேலைகள் என்று அந்த அச்சுச் சட்டமே அறிந்து வைத்திருக்கிறது. வெட்டத் தெரிந்த லேசருக்குப் பதிக்கத் தெரியாது. மழுங்கிய முனை பொருத்திய கட்டிங் பிளாட்டர்களைப் பயன்படுத்துவோர் குறைவான புகழுக்கு நல்ல கோட்டைப் பெறுகிறார்கள் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இதெல்லாம் கோடு பற்றியது. மடிப்பு வேறு வழக்கு.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தொமோஹிரோ தாச்சி எழுதிய ஒரிகமைசர் என்ற மென்பொருள், முக்கோண முகங்களாலான கணினி உருவங்களை ஒரே தாளில் மடிப்பதற்கான கோடுகளைக் கணிக்கும். கணினி வரைகலையில் எல்லோரும் சோதனைக்குப் பயன்படுத்தும் தேநீர்க் குடுவையையும் முயலையும் அவர் மடித்தே காட்டினார். 2017-இல் எரிக் டிமெய்னும் தாச்சியும் சேர்ந்து, எந்தப் பன்முகியையும் பிளவில்லாமல் மடிக்கும் வழிமுறை ஒன்றை நிறுவினார்கள். கணிதமாக இது உயர்ந்த சாதனை. உற்பத்தி முறையாக? தாளின் பெரும்பங்கு உருவத்துக்குள்ளே மடிப்புகளாகச் செருகப்பட்டு மறைகிறது. நல்ல கையாளருக்கே பல மணி நேரம் பிடிக்கிறது. அதே முயலை முப்பரிமாண அச்சு எந்திரம் இரவில் தானாக அச்சிட்டு வைத்திருக்கும். முயலுக்கு மடிப்பு தேவையில்லை. மடிப்பு முயலைச் செய்யவும் வல்லது, அவ்வளவே. தாச்சி இதை உற்பத்தி முறை என்று விற்கவில்லை; அவரைச் சுற்றி எழுதியவர்கள்தாம் அப்படி எழுதினார்கள்.

எனவே எந்தப் படைப்பின் முன்னும் நான் வைக்கும் கேள்வி இதுதான்: இங்கே மடிப்பு என்ன வேலை செய்கிறது? தாள் தட்டையாக இருந்ததால் என்ன கிடைத்தது? விடை ‘அழகு’ என்றால் அதைச் சிற்பமாக மதிப்பிடுவோம். விடை ‘ஒன்றுமில்லை’ என்றால் புகழ வேண்டாம்.

இந்தக் கேள்வியில் மிக நன்றாகத் தேறுவது ஃபோல்ட்ஸ்கோப். மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் ஆய்வுக்கூடம் நடத்தும் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் தங்கள் குழுவோடு 2014-இல் அறிவித்த காகித நுண்ணோக்கி அது. உதிரிகளின் செலவு ஒரு டாலருக்கும் குறைவு, எடை பத்து கிராமுக்கும் குறைவு. நுண்ணோக்கியில் விலை கூடுவது கண்ணாடியால் மட்டும் அல்ல. வில்லை, ஒளி, பார்க்கும் பொருள் மூன்றையும் ஒரே அச்சில் நிறுத்தும் உலோகச் சட்டத்தாலும்தான். ஃபோல்ட்ஸ்கோப்பில் அந்தச் சட்டத்தின் வேலையை மடிப்பு செய்கிறது. தட்டைத் தாளில் அச்சிட்டு வெட்டும்போது கிடைக்கும் நுட்பம், மடித்த பிறகு ஒளி அச்சின் நுட்பமாக மாறுகிறது. குவியம் சரிசெய்வதும் காகிதத் தகடுகள் வளைவதாலேயே நடக்கிறது. தட்டையாக உறையில் போட்டு அஞ்சலில் அனுப்பலாம். இங்கே மடிப்பை எடுத்துவிட்டால் கருவியே இல்லை. பத்து லட்சத்துக்கும் மேல் உலகெங்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இதைப் பள்ளி கல்லூரிகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் நடத்தியது.

இந்த வெற்றியில் டிஜிட்டல் எந்திரத்தின் பங்கைக் கூட்டிச் சொல்லக் கூடாது. முன்மாதிரிகளைத் திருத்தித் திருத்திச் செய்ய லேசர் உகந்த துணை. லட்சக்கணக்கில் செய்வதற்கோ பழைய அச்சுத் தொழிலின் வழிதான் ஏற்றது. கடைசி மடிப்பை மடிப்பது வாங்கியவரின் கை.

அந்தக் கை தேவையில்லாமல் செய்வோம் என்பதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய வாக்குறுதி. 2014-இல் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு ரோபோவை அறிவித்தார்கள். முதல் ஆசிரியர் சாமுவேல் ஃபெல்டன். தட்டையான தகடு, நடுவே மின்சுற்று, மேலும் கீழும் காகிதமும் சூடுபட்டால் சுருங்கும் பாலிஸ்டைரீன் ஏடும். மின்சாரம் பாய்ந்ததும் மடிப்புக் கோடுகள் சூடாகின்றன, ஏடு சுருங்குகிறது, தகடு தானே எழுந்து மடிகிறது. சுமார் நான்கு நிமிடத்தில் அது ரோபோவாகி நடந்து போகிறது. அந்தக் காணொளியைப் பார்த்த அன்று எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. இன்றும் அதன் அழகு குறையவில்லை. ஆனால் மோட்டார்களும் பேட்டரிகளும் முன்கூட்டியே பொருத்தப்பட்டிருந்தன. ஏடுகளை அடுக்கி ஒட்டியதும் ஆய்வாளர்களே. மடிப்புகளும் அடக்கமான எண்ணிக்கைதான். வாக்குறுதி அங்கிருந்து நூறு முனைகளுள்ள தாளுக்கு ஏறும்போதுதான் தடுமாறுகிறது.

தடுமாற்றம் பொறியியல் போதாமையால் மட்டும் வரவில்லை. நான்கு கோடுகள் சந்திக்கும் ஒரே முனையை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையாக இருக்கும்போது அந்த முனை எந்தப் பக்கம் எழுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் அந்த நிலையில் சந்திக்கின்றன. முனைகள் கூடக் கூட, தவறான பாதைகள் பன்மடங்கு பெருகுகின்றன. எந்திரத்துக்கு மிக வசதியான தட்டை நிலைதான், மடிப்புக்கு மிகக் குழப்பமான தொடக்கம். இன்னொரு தடையும் உண்டு. ஒரு கோட்டு வரைபடம் தட்டையாக மடியுமா என்று கண்டுபிடிப்பதே கணினி அறிவியலின் மிகக் கடினமான கணக்குகளின் வகுப்பைச் சேர்ந்தது என்று மார்ஷல் பெர்னும் பாரி ஹேய்ஸும் 1996-இலேயே நிறுவினார்கள். மலை எது, பள்ளம் எது என்று சொல்லிவிட்டாலும் கணக்கு எளிதாவதில்லை.

இதனால்தான் லேசருக்கும் மடிப்புக்கும் இயல்பிலேயே பொருத்தமில்லை என்கிறேன். லேசர் ஒரு நேரத்தில் ஒரு புள்ளியை மட்டும் அறியும்; பக்கத்துப் புள்ளி என்ன செய்கிறது என்று அதற்குக் கவலையில்லை. மியூரா மடிப்பில் ஒரு முனையைத் தள்ளினால் தாள் முழுவதும் அசைகிறது. பத்து விரல்களும் வெவ்வேறு இடத்தில் மெல்ல அழுத்தி, சில முனைகளைச் சம்மதிக்க வைத்து, பிடிவாதம் பிடிப்பதைக் கொஞ்ச நேரம் விட்டுப் பிடிக்கின்றன. அமாண்டா கஸேயியின் ஒரிகாமி சிமுலேட்டரில் எல்லாக் கோடுகளும் ஒரே சமயத்தில் மடிவதை உலாவியிலேயே காணலாம். அருமையான கருவி, நான் அன்றாடம் பயன்படுத்துவது. ஆனால் திரையில் சேர்ந்து நடப்பது மேசையில் சேர்ந்து நடப்பதில்லை.

மடிக்கும் எந்திரமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, பெட்டித் தொழிற்சாலைகளில் ஒரு மணிக்கு ஆயிரக்கணக்கில் மடித்து ஒட்டித் தள்ளுகிறது. ஒரே வடிவத்தை லட்சம் முறை மடிக்க அது அமைக்கப்பட்டது. டிஜிட்டல் உற்பத்தியின் பெருமை லட்சம் வடிவங்களை ஒவ்வொரு முறை செய்வதில் இருக்கிறது. வெட்டுவதிலும் அச்சிடுவதிலும் அந்தப் பெருமை மெய்யானது. மடிப்பதில் அது இன்னும் வரவில்லை.

விண்வெளி உதாரணத்தைச் சொல்லி என்னை மறுப்பவர்கள் உண்டு. கோர்யோ மியூராவின் மடிப்பு 1995-இல் ஜப்பானின் ஸ்பேஸ் ஃப்ளையர் யூனிட்டில் ஏறி விண்வெளியில் விரிந்தது. ஆனால் அந்த மடிப்பு லேசர்ப் பணிமனையில் பிறந்தது அல்ல. பரப்புகள் நெருக்கப்படும்போது எப்படி நொறுங்குகின்றன என்று ஒரு விண்வெளிப் பொறியாளர் சிந்தித்ததில் பிறந்தது. பின்னர் நாசா ஆய்வகமும் பிரிகாம் யங் பல்கலைக்கழகமும் லாங்கோடு சேர்ந்து, 2.7 மீட்டர் விட்டத்தில் சுருங்கி 25 மீட்டராக விரியும் சூரியத் தகட்டை வடிவமைத்து, இருபதில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தார்கள். அங்கே அவர்கள் மோதிய சுவர் தடிமன். கணிதத்தின் தாளுக்குத் தடிமன் இல்லை. சூரியத் தகட்டுக்கு உண்டு. தடித்த பலகைகளை மடிக்க 2015-இல் யான் சென், ருய் பெங், சோங் யூ மூவரும் தந்த விடை, கீலின் இடத்தை மாற்றி முழுப் பொறியமைப்பையே புதிதாகச் சிந்தித்த விடை. நுட்பமாக வெட்டும் எந்திரம் அந்த விடையை ஒருபோதும் தந்திருக்காது.

இப்போது இழப்பு. அகிரா யோஷிசாவா தாளை ஈரமாக்கி, களிமண்ணைப் போல வளைத்து மடித்தார். அவருடைய விலங்குகளின் முதுகில் இருக்கும் தணிவை எந்தக் கோட்டு வரைபடத்திலும் எழுத முடியாது. இதை நினைத்து எந்திரத்தின்மேல் கோபப்படுவதில் பயனில்லை. ஈரத்தாள் மடிப்பவர்கள் இன்றும் மடிக்கிறார்கள். என் கவலை வேறு. 1954-இல் வந்த நூலில் யோஷிசாவா ஒரு குறிமுறையை நிலைநிறுத்தினார். கோடு போட்டுப் புள்ளி போட்டு மலையும் பள்ளமும், அவற்றோடு அம்புக்குறிகள். அந்த அம்புகள்தாம் காலம். இதை முதலில், அதை அடுத்து, இந்த இடத்தில் திருப்பு என்று அவை சொல்லும். லேசருக்குப் போகும் கோப்பில் இடம் மட்டுமே இருக்கிறது, காலம் இல்லை. மடிப்பு முந்தியிருந்த காலத்தில் வரிசை கோட்டுக்குள்ளேயே பொதிந்திருந்தது. கோடு முந்தியானதும் அது உதிர்ந்துவிட்டது. கீறிய தாளை வாங்கி வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழிக்கும் மாணவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இது தீராத குறை அல்ல. டிமெய்னும் ஜேசன் குவும் லாங்கும் 2016-இல் முன்வைத்த ஃபோல்ட் என்ற கோப்பு வடிவத்தில் மலை, பள்ளம், ஏடுகளின் அடுக்கு, இடைநிலைகள் எல்லாவற்றையும் எழுதி வைக்க இடமிருக்கிறது. பணிமனைகளில் என் கைக்கு வரும் கோப்புகளோ வெறும் கோடுகள்.

ஆகவே கோட்டைப் பொறுத்தவரை இந்த இணைப்புக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன், லேசரைவிட மழுங்கிய முனைக்குச் சற்றுக் கூடுதலாக. மடிப்பைப் பொறுத்தவரை வழக்கு நிலுவையில் இருக்கிறது. நூறு முனைகளுள்ள இரண்டு வெவ்வேறு தாள்களை, தனி அச்சு எதுவும் செய்யாமல், ஒன்றன்பின் ஒன்றாக ஓர் எந்திரம் மடித்து வைக்கும் நாளில் இந்தத் தீர்ப்பை மகிழ்ச்சியோடு மாற்றி எழுதுவேன். அதுவரை, பணிமனை நடத்துபவர்களிடம் நான் கேட்பது சிறியது: கீறிய தாளோடு அம்புக்குறிகளையும் அச்சிட்டுக் கொடுங்கள்.